வீட்டுக்கு ஜெனரேட்டர்: எரிபொருள் வீணாகாத அமைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எங்கள் வீட்டில் முதலில் இருந்தது 5 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) பெட்ரோல் ஜெனரேட்டர். ஓர் இரவு மின்சாரம் போய் எட்டு மணி நேரம் வரவில்லை. விடியும்போது ஒன்பது லிட்டர் பெட்ரோல் தீர்ந்திருந்தது. அத்தனை நேரமும் ஓடியவை மூன்று மின்விசிறி, சில விளக்குகள், ஒரு ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான். கூட்டிப் பார்த்தால் மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அதாவது ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர். மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. அந்த எஞ்சினுக்கு நாங்கள் கொடுத்த வேலைதான் மிகச் சிறியது.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் அளவு ஆற்றல் இருக்கிறது. சிறிய ஜெனரேட்டர் நல்ல லோடில் (இணைத்த பொருள்கள் கேட்கும் மின்சாரம்தான் லோடு) ஓடும்போதுகூட அதில் ஒன்றரை யூனிட், மிஞ்சினால் இரண்டு யூனிட்தான் மின்சாரமாக வெளியே வரும். மீதியெல்லாம் சூடாகப் போய்விடும். லோடு குறையக் குறைய இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். பிஸ்டன் உராய்வு, காற்றை இழுப்பது, குளிர்விக்கும் ஃபேனைச் சுழற்றுவது எல்லாமே லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடந்தாக வேண்டும். சாதாரண ஜெனரேட்டர் ஒன்றும் இணைக்காமல் சும்மா ஓடும்போதே முழு லோடில் குடிப்பதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குடித்துவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: எஞ்சின் ஓடினால் பாதி முதல் முக்கால் லோடு வரை ஓட வேண்டும், அந்த அளவு வேலை இல்லாத நேரத்தில் அணைந்திருக்க வேண்டும். இதற்கு ஏற்றபடி வாங்கினால் மற்றவை தானாக அமையும்.

முதல் படி: லோடை அளந்து எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். மின்சாரம் இல்லாதபோது எது எது ஓடியே ஆக வேண்டும், எது காத்திருக்கலாம் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, ஓடும்போது எடுக்கும் வாட். இன்னொன்று, கிளம்பும்போது எடுக்கும் வாட். பலர் முதல் எண்ணை மட்டும் கூட்டிவிட்டு ஏமாந்து போகிறார்கள்.

விளக்கு, டிவி, லேப்டாப் இவற்றுக்கு இரண்டு எண்ணும் ஏறத்தாழ ஒன்றுதான். மோட்டார் உள்ள பொருள்களில்தான் சிக்கல். ஃப்ரிட்ஜ் ஓடும்போது 100 முதல் 200 வாட் எடுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் அந்த அரை நொடியில் ஆயிரம் வாட் வரை கேட்கும். சிறிய ஜெனரேட்டரின் பக்கத்தில் நின்றால் இதைக் காதாலேயே கேட்கலாம். ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் திடீரென்று ‘ம்ம்’ என்று குரல் இறங்கும், வீட்டுக்குள் விளக்கு ஒரு கணம் மங்கும், அப்புறம் இரண்டும் பழைய நிலைக்கு வரும். வராமல் இறங்கிக்கொண்டே போனால் ஜெனரேட்டர் போதவில்லை என்று பொருள். அந்தக் குறைந்த வோல்டேஜில் கம்ப்ரஸர் சிக்கிக்கொண்டு நின்றால் அதன் வைண்டிங் சூடாகிக் கருகிவிடும்.

ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஓடும்போது 1,000 முதல் 1,100 வாட் எடுக்கும். கிளம்பும்போது அதைப்போல மூன்று மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை போகும். பழைய வகை ஏசியும் இப்படித்தான். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாக வேகமெடுப்பதால் அதற்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்இடி எட்டு, 72 வாட். மின்விசிறி மூன்று, 225. டிவி 100. லேப்டாப்பும் வைஃபை ரூட்டரும் 75. ஃப்ரிட்ஜ் 150. மொத்தம் 622 வாட். இவையெல்லாம் ஓடும்போது ஃப்ரிட்ஜ் கிளம்பினாலும் உச்சம் 1,500 வாட்டைத் தாண்டாது. நல்ல 2 கேவிஏ மெஷின் தாராளமாகப் போதும். இதே வீட்டில் அந்தத் தண்ணீர் மோட்டாரையும் சேர்த்துவிட்டால் உச்சம் 4,500 வாட்டுக்குப் போய்விடுகிறது. தினம் இருபது நிமிடம் ஓடும் ஒரே ஒரு மோட்டாருக்காக 5 கேவிஏ மெஷின் வாங்கி, மீதி நேரமெல்லாம் அதை 600 வாட்டில் ஓடவிட வேண்டிவரும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

மோட்டாரைப் பட்டியலிலிருந்து எடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போதே நிரப்பிவைக்க இன்னும் ஒரு மேல்நிலைத் தொட்டி வைக்கலாம். அரைக் குதிரைத்திறன் மோட்டார் போதுமா என்று பார்க்கலாம். மோட்டாரை மெதுவாக வேகமெடுக்க வைக்கும் டிரைவ் பொருத்தலாம்; ஆனால் உங்கள் மோட்டாருக்கு அது ஒத்துவருமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கெப்பாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டார் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, மைக்ரோவேவ் மூன்றையும் ‘காத்திருக்கலாம்’ பட்டியலில் போடுங்கள்.

ஊகத்தில் எழுதாமல் அளந்து எழுத ஒரு கிளாம்ப் மீட்டர் போதும். மெயின் வயரில், பேஸ் வயரை மட்டும் கவ்வவைத்து, ஒரு மாலை முழுக்க அரை மணிக்கு ஒருமுறை ஆம்பியரைக் குறித்துவையுங்கள். பெட்டியைத் திறக்கத் தயக்கமாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நினைத்ததில் பாதிகூட வராது என்பதுதான் பெரும்பாலும் தெரியவரும்.

இரண்டாம் படி: பெயர்ப்பலகையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் உச்சபட்ச வாட். சில நொடிகளோ சில நிமிடங்களோ தாங்கக்கூடியது. நமக்கு வேண்டியது ‘ரேட்டட்’ என்று சிறிய எழுத்தில் இருப்பது. மணிக்கணக்கில் தரக்கூடியது அதுதான்.

கேவிஏவும் கிலோவாட்டும் ஒன்றல்ல. கேவிஏவில் எவ்வளவு பங்கு உண்மையான கிலோவாட்டாகக் கிடைக்கும் என்று சொல்வது பவர் ஃபேக்டர். அது 0.8 என்று போட்டிருந்தால் 5 கேவிஏ மெஷினின் உண்மையான திறன் 4 கிலோவாட். சிங்கிள் பேஸ் மெஷின்கள் சிலவற்றில் 1 என்று இருக்கும். அந்த எண் எங்கும் இல்லை என்றால் நான் 0.8 என்றே வைத்துக் கணக்குப் போடுவேன்.

உயரமான இடத்தில் வசிப்பவர்கள் இன்னொன்றும் கழிக்க வேண்டும். காற்று மெலிவதால் 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் சக்தி குறையும். கடும் வெயிலும் கொஞ்சம் குறைக்கும். எல்பிஜியில் ஓட்டினால் பெட்ரோலில் தந்ததைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவாகத் தரும். இயற்கை எரிவாயுவில் அதைவிடவும் குறையும்.

இவ்வளவும் கழித்த பிறகு, ஓடும் லோடு ரேட்டட் திறனில் பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில் வருகிறதா, கிளம்பும் உச்சம் மெஷினின் உச்சபட்ச வாட்டுக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து அமையவில்லை என்றால் மெஷினைப் பெரிதாக்காதீர்கள். பட்டியலுக்கே திரும்பிப் போங்கள்.

மூன்றாம் படி: எந்த வகை?

மூடி இல்லாமல் இரும்புச் சட்டகத்தில் வரும் சாதாரண ஜெனரேட்டர் ஒரே வேகத்தில்தான் ஓட முடியும். 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலை) மின்சாரத்துக்கு, இரண்டு காந்தத் துருவம் உள்ள ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்ற மின்சாரம் உண்டாக்கும் பாகம்) நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழல வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு 3,600. ஒரு விளக்கு மட்டும் எரிந்தாலும் இதே வேகம்தான், இதே சத்தம்தான். நான்கு துருவம் உள்ளது 1,500 அல்லது 1,800 சுற்றில் ஓடும். கனமாக இருக்கும், ஆனால் சத்தமும் தேய்மானமும் குறைவு. தினமும் பல மணி நேரம் ஓட்டும் வீடுகளுக்கு அதுதான் சரி.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வேறு மாதிரி. எஞ்சின் தரும் மின்சாரத்தை முதலில் டிசியாக (ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக) மாற்றி, பிறகு எலக்ட்ரானிக் முறையில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உள்ள, வீட்டுக்கு வருவது போன்ற மாறுதிசை மின்சாரமாக்குகிறது. எஞ்சினின் வேகத்துக்கும் வெளியே வரும் ஹெர்ட்ஸுக்கும் தொடர்பு அறுந்துவிடுவதால், லோடு குறைந்தால் எஞ்சினும் மெதுவாகும். 2 கிலோவாட் அளவுள்ள நல்ல இன்வெர்ட்டர் மெஷின் 450 வாட் லோடில் மணிக்கு அரை லிட்டருக்கும் குறைவாகவே குடிக்கும். அதே லோடை 5 கேவிஏ சாதாரண மெஷினில் போட்டால் ஒரு லிட்டருக்கு மேல் போகும். அலையும் சுத்தமாக இருப்பதால் கணினி, டிவி, மருத்துவக் கருவிகளுக்கு நல்லது. விலை கூடுதல், பழுதானால் உள்ளே இருக்கும் போர்டை மாற்ற வேண்டியிருக்கும், பெரிய மோட்டாரைக் கிளப்ப இடக்குப் பண்ணும். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்த பிறகும், ஆயிரம் வாட்டுக்குள் முடிந்துவிடும் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சாதாரண வகைதான் என்று முடிவு செய்தால் ஏவிஆர் (வோல்டேஜைத் தானாகச் சீராக்கும் பாகம்) உள்ளதாகப் பாருங்கள். கெப்பாசிட்டரை மட்டும் நம்பி வோல்டேஜைப் பிடித்துவைக்கும் மலிவான வகையில், லோடு ஏறி இறங்கும்போது வோல்டேஜும் கூடவே ஆடும்.

நான்காம் படி: எரிபொருள்

வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது என்பதை வைத்து முடிவெடுங்கள். எப்போதாவது மின்சாரம் போகும் இடம் என்றால் பெட்ரோல் போதும். எஞ்சின் இலேசானது, கிளப்புவது சுலபம். ஆனால் பெட்ரோல் சில மாதங்களிலேயே கெட்டுப் பிசினாகி கார்புரேட்டரின் சிறு துளைகளை அடைத்துவிடும். ‘போன வருஷம் நன்றாக ஓடியது, இப்போது கிளம்பவே மாட்டேன் என்கிறது’ என்று வருபவற்றில் பெரும்பாலானவை இந்தக் கதைதான்.

தினம் பல மணி நேரம் ஓடப்போகிறது, லோடும் கணிசமாக இருக்கிறது என்றால் டீசல். ஒரு லிட்டரில் இரண்டரை முதல் மூன்று யூனிட் வரை தரும், எஞ்சினும் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் டீசல் எஞ்சினைக் குறைந்த லோடில் ஓட்டவே கூடாது. 30 சதவீதத்துக்குக் கீழே மணிக்கணக்கில் ஓடினால் எரியறை போதுமான அளவு சூடாகாமல், எரியாத டீசலும் கரியும் சைலன்சர் வரைக்கும் ஈரமாகப் படியும். புகைக்குழாயின் வாயில் கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக ஒன்று வழிவதைப் பார்த்தால் அதுதான் காரணம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிய டீசல் ஜெனரேட்டர் வாங்கியவர்கள் படும் பாடு இது.

எல்பிஜிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. சிலிண்டரில் எத்தனை வருடம் இருந்தாலும் கெடாது, கார்புரேட்டரையும் அடைக்காது. சிலிண்டர் கிடைப்பதில் தடை இல்லாத இடங்களில் இதை யோசிக்கலாம்.

ஐந்தாம் படி: நடுவில் ஒரு பேட்டரி

எங்கள் கணக்கை மாற்றிக் காட்டியது இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த எட்டு மணி நேர இரவையே எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 400 வாட், மொத்தம் 3.2 யூனிட். சாதாரண 5 கேவிஏ மெஷினில் எட்டு ஒன்பது லிட்டர். சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் மூன்றரை லிட்டர் சொச்சம். மூன்றாவது வழி, மாலையிலேயே அதே சிறிய ஜெனரேட்டரை 1,600 வாட் லோடில் ஓட்டி லித்தியம் பேட்டரியில் சேமித்துக்கொண்டு, இரவில் எஞ்சினை அணைத்துவிடுவது. ஏற்றி இறக்குவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்றே வைத்துக்கொண்டாலும் ஜெனரேட்டர் தர வேண்டியது 4 யூனிட். நல்ல லோடில் யூனிட்டுக்கு 0.6 லிட்டர் என்று பார்த்தால் இரண்டரை லிட்டருக்குள் முடிந்துவிடும். எஞ்சின் ஓடுவது எட்டு மணி நேரத்துக்குப் பதில் இரண்டரை மணி நேரம். ஆயில் மாற்றும் இடைவெளியும் அதற்கேற்ப நீளும், இரவில் அக்கம்பக்கமும் நிம்மதியாகத் தூங்கும்.

இதில் பேட்டரி வகை ரொம்ப முக்கியம். லெட் ஆசிட் பேட்டரிக்கு அதன் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் சார்ஜ் கொடுப்பது வழக்கம். 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 15 ஆம்பியர். அதுவும் எண்பது சதவீதம் நிரம்பியதும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போகும். கடைசி இருபது சதவீதத்தை நிரப்ப எஞ்சின் மணிக்கணக்கில் குறைந்த லோடில் ஓட வேண்டும். நாம் தவிர்க்க நினைத்த தொல்லையே திரும்ப வந்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி தன் கொள்ளளவில் பாதி அளவு மின்னோட்டத்தைக்கூட ஏறத்தாழக் கடைசிவரை வாங்கிக்கொள்ளும். எஞ்சினை நல்ல லோடில் வைத்து சீக்கிரம் அணைக்க அதுதான் வசதி. ஏற்கெனவே லெட் ஆசிட் வைத்திருப்பவர்கள் எண்பது சதவீதம் வரை ஜெனரேட்டரில் ஏற்றிவிட்டு, மீதியை மின்சாரம் வந்த பிறகோ சோலார் பேனலிலோ நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் அடிக்கடி முழுதாக நிரம்பாமலே விட்டால் அந்தப் பேட்டரியின் ஆயுள் குறையும். அதை மறக்க வேண்டாம்.

சார்ஜரையும் பாருங்கள். பவர் ஃபேக்டர் சரிசெய்யப்படாத மலிவான சார்ஜர், ஆயிரம் வாட் ஏற்றுவதற்கு ஜெனரேட்டரிடம் 1,500 விஏக்கு (ஒன்றரை கேவிஏவுக்கு) மேல் கேட்கும். அப்புறம், வீட்டு இன்வெர்ட்டர் சில நேரம் ஜெனரேட்டர் மின்சாரத்தை ஏற்காமல் ‘டக், டக்’ என்று பேட்டரிக்கே மாறிக்கொண்டிருக்கும். ஹெர்ட்ஸ் கொஞ்சம் ஆடுவதுதான் காரணம். இன்வெர்ட்டரின் பின்பக்கமோ மெனுவிலோ உள்ள யுபிஎஸ் என்ற நிலையை நார்மல் என்பதற்கு மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும்.

ஆறாம் படி: வைக்கும் இடம்

இதில் யாரும் சமரசம் செய்யவே கூடாது. ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்கிக்கொண்டிருப்பவர் எழுந்திருக்கவே மாட்டார். வீட்டுக்குள், வராந்தாவில், ஷட்டரைத் திறந்துவைத்த கார் ஷெட்டில், எங்கும் ஓட்டாதீர்கள். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் கதவு ஜன்னலுக்கு எதிர்த்திசையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலும் இந்தக் கணக்கில் சேரும். படுக்கையறைக்கு வெளியே பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் பொருத்துங்கள். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் முதலில் வெளியே ஓடுங்கள். மெஷினை அப்புறம் அணைத்துக்கொள்ளலாம்.

மழை நனையாமல் மேலே கூரை வேண்டும், ஆனால் நான்கு பக்கமும் காற்று போக வேண்டும். சத்தத்துக்குப் பயந்து பெட்டி கட்டி அடைத்தால் எஞ்சின் தன் சூட்டிலேயே வெந்துவிடும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் 6 டெசிபல் குறையும். சத்தத்தைக் குறைக்கச் செலவே இல்லாத வழி தள்ளி வைப்பதுதான்.

ஏழாம் படி: வீட்டு வயரிங்கில் இணைப்பது

இரண்டு முனையிலும் ஆண் பின் வைத்த வயரை சாக்கெட்டில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். கையில் இருக்கும் முனையில் உயிருள்ள மின்சாரம் இருக்கும். மெயினை அணைக்க மறந்தால் அது தெருக்கம்பிக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் உயிர் போகும்.

சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் இரட்டைத் துருவ வகை. தெரு மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இணையும்படி அதன் அமைப்பே இருக்கும். ‘ஓடியே ஆக வேண்டும்’ பட்டியலில் உள்ளவற்றைத் தனி டிபியில் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில்) பிரித்து அதற்கு மட்டும் ஜெனரேட்டர் கொடுத்தால், யாரும் மறந்துபோய் ஹீட்டரைப் போடும் பேச்சுக்கே இடமில்லை. எர்த், நியூட்ரல் இணைப்பு, ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) மூன்றையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். 230 வோல்ட்டில் 4 கிலோவாட் என்றால் 17 ஆம்பியருக்கு மேல். 20 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் வழியிலேயே 8 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், வயரும் சூடாகும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 3 வோல்ட் சொச்சத்தோடு நிற்கும்.

எட்டாம் படி: வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள்

வாட் தெரிந்த ஒரு ஹீட்டர், ஒரு மல்டிமீட்டர் இரண்டையும் கொண்டு போங்கள். லோடு இல்லாமல் கிளப்பிச் சில நிமிடம் சூடாகவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் சாதாரண மெஷின் லோடில்லாமல் 51.5 அல்லது 52 காட்டினால் சரி. லோடு ஏறும்போது 50-ஐ ஒட்டி இறங்கும். ஹீட்டரைப் போட்டு ரேட்டட் திறனில் எழுபது சதவீதம் வரை ஏற்றுங்கள். வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது, எத்தனை நொடியில் திரும்புகிறது என்று பாருங்கள். அரை மணி ஓடட்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பழைய மெஷின் வாங்குபவர்கள் இந்த அரை மணியை விட்டுக்கொடுக்கவே கூடாது.

வாங்கிய பிறகு

புது எஞ்சினில் முதல் ஆயிலைச் சுமார் 20 மணி நேரத்திலேயே மாற்றிவிடுங்கள்; உள்ளே உரசிய இரும்புத் துகள் எல்லாம் அதில்தான் இருக்கும். அதற்கப்புறம் கையேட்டில் சொன்ன இடைவெளி. சிறிய எஞ்சின்களில் அது பெரும்பாலும் 50 முதல் 100 மணி நேரம். மாதம் ஒருமுறை லோடு கொடுத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள். நீண்ட நாள் நிறுத்திவைப்பதாக இருந்தால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். சூடாக இருக்கும்போது எரிபொருள் ஊற்றாதீர்கள்.

கடைசியாக, மெஷினின் மேல் ஒரு சிறு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். எத்தனை மணி ஓடியது, எத்தனை லிட்டர் ஊற்றினேன், தனி டிபியில் வைத்த சிறு மீட்டர் எத்தனை யூனிட் காட்டியது. மூன்றே எண்கள். லிட்டரை யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். பெட்ரோலில் 0.6, 0.7 வந்தால் அமைப்பு சரியாக இருக்கிறது. ஒன்றைத் தாண்டினால் எந்த நேரத்தில் எஞ்சின் சும்மா ஓடுகிறது என்று தேடிப் பிடித்து, அந்த நேரத்தைப் பேட்டரிக்குக் கொடுத்துவிடுங்கள்.